குழந்தையின் முகம் வேண்டாம், உங்கள் பாடம் போதும்

வாசகர் கேள்வி:

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 49. கையில் கிடைக்கிற பொருட்களை வைத்துச் சோதனை செய்து காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. போன மாதம் என் வகுப்பை உடன் வேலை பார்க்கும் இளைய ஆசிரியர் ஒருவர் செல்போனில் எடுத்துத் தன் பேஸ்புக்கில் போட்டார். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆனால் ஒரு மாணவியின் அம்மா மறுநாளே பள்ளிக்கு வந்து, "யாரைக் கேட்டு எம்பொண்ணு மூஞ்சியப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியரோ, "நீங்களே ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிங்க டீச்சர்" என்கிறார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவையே என்னால் சமாளிக்க முடியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் யாராவது ஏதாவது அனுப்புகிறார்கள். இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா? தேவை என்றால் எங்கிருந்து தொடங்குவது? துறையில் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமானதைக் கேட்டவர் அந்த அம்மா. அதனால் முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

அவர் கேட்டது நியாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பதால் அவள் முகத்தை ஊருக்குக் காட்டவும் சம்மதித்தார் என்று ஆகாது. அந்த வீட்டில் என்ன நிலைமை என்று நமக்குத் தெரியாது. கணவரை விட்டு விலகி, எந்த ஊரில் இருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்கள் நம் பள்ளிகளில் உண்டு. சுவரில் பள்ளியின் பெயர், உடம்பில் சீருடை, நேராகத் தெரியும் முகம், பேஸ்புக்கில் தேதி. இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க வேறு எதுவும் தேவையில்லை. பெண் குழந்தைகளின் படத்தை எடுத்து வேறு மாதிரி மாற்றுவதும் இன்று எவனுக்கும் சில நிமிட வேலை.

சட்டமும் அந்த அம்மாவின் பக்கம்தான் சாய்கிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதலும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகள் இல்லங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்தக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பொதுவாக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோமே என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். எதற்கு, எங்கே, எவ்வளவு நாள் என்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை நான் ஒப்புதலாக மதிக்க மாட்டேன்.

அதனால் இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பதிவை எடுக்கச் சொல்வது. சக ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார், அதையும் சொல்லுங்கள். "சார், பாடத்தை மட்டும் எடுத்து மறுபடியும் போடலாம், நானே சோதனையைத் திரும்பச் செய்து தருகிறேன்" என்று ஒரு வழியோடு போனால் மனக்கசப்பு வராது. எடுத்த பிறகு அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பொது இடம்தான் என்பதைச் சேர்த்தே பேசுங்கள். பேஸ்புக்கில் போடாதவர்கள்கூட ஸ்டேட்டஸில் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. இந்த வயதில் தேவையா?

எல்லாம் தேவையில்லை. ஆனால் உங்களிடம் இருப்பதை நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. எளிய பொருட்களை வைத்து அறிவியலை நடத்திக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் பல பள்ளிகளின் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். சோதனைப் பகுதி வந்ததும் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கடந்துபோகும் வகுப்புகளே அதிகம். உங்களைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தால் இன்னொரு பள்ளியில் ஒரு புதிய ஆசிரியர் துணிந்து செய்வார். பொதுவெளியில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்றால், அது இதற்காகத்தான். காட்டப்பட வேண்டியது உங்கள் பாடம். பிள்ளைகளைக் காட்டாமலே அதைக் காட்ட முடியும்.

சேனலுக்குப் போகும் முன் வாட்ஸ்அப் குழுவைச் சரிசெய்யுங்கள். அதுதான் தினமும் உங்களை அரிக்கிறது.

வகுப்புக் குழுவில் பெரிய சிக்கல் நேரம் கெட்ட நேரத்தில் வரும் மெசேஜ் மட்டும் அல்ல. குழுவில் உள்ள எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு மாணவியின் அம்மாவுடைய எண் முன்பின் தெரியாத ஆண்களிடம் போய்ச் சேருகிறது, அதற்குக் காரணம் பள்ளி. இதைத் தவிர்க்கச் சுலபமான வழி பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், அவர்கள் பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரே நிபந்தனை, பெற்றோர் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவர் போனிலும் அங்கேயே உட்கார்ந்து சேமித்துக் கொடுத்துவிடுங்கள். குழுவே வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னால், அட்மின்கள் மட்டும் அனுப்பலாம் என்ற அமைப்பைப் போட்டு, தலைமையாசிரியரையும் இன்னோர் ஆசிரியரையும் அட்மின் ஆக்குங்கள். தனியொருவராக அந்தப் பொறுப்பைச் சுமக்காதீர்கள்.

சொந்த எண்ணில் இதைச் செய்ய வேண்டாம். பள்ளி வேலைக்கென்று ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டால், அது இலவசம்தான், மாலை ஆறு மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு "நாளை காலை பதில் சொல்கிறேன், அவசரம் என்றால் அழைக்கவும்" என்று தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வருவதற்குப் பதில் போடுகிற வரை அந்த நேரத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். மரியாதைக் குறைவாகவோ வேறு நோக்கத்திலோ யாராவது அனுப்பினால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமையாசிரியரிடம் அன்றே காட்டுங்கள். அதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் ஊர்களில் பல வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அது பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ அப்பாவோடு காலையிலேயே கிளம்பிப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். போனைப் பார்த்துச் செய்ய வேண்டிய வீட்டுப்பாடத்தை மாலையில் அனுப்பிவிட்டு, மறுநாள் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? பாடம் தொடர்பான எதுவும் வகுப்பிலேயே கரும்பலகையில் வந்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பெற்றோருக்கான தகவலுக்கு மட்டும். அதிலும் எழுத்தை விடக் குரல் செய்தி நல்லது. படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள், "நாளை தடுப்பூசி போடுகிறார்கள், பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள்" என்று நீங்கள் நேரில் பேசுகிற மாதிரியே பேசி அனுப்புங்கள்.

உதவித்தொகைக்காக ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக் படங்களைக் குழுவிலேயே போடச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பள்ளி எண்ணுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் இஎம்ஐஎஸ் தளத்தில் ஏற்றியதும் வாட்ஸ்அப்பிலும் போன் கேலரியிலும் அழித்துவிடுங்கள். கூகுள் போட்டோஸ் தானாக நகல் எடுத்து வைத்திருக்கும், அங்கேயும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதும் இதே வகைதான். முப்பது குடும்பங்கள் பார்க்க, கடைசியில் இருக்கும் ஒரு பெயர் எவருக்கும் நல்லது செய்யாது.

மாணவர்களோடு தனிப்பட்ட உரையாடல் எந்தச் செயலியிலும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் இப்போது படிக்கும் பிள்ளைகள் உங்களைத் தேடி வந்தால் ஏற்காதீர்கள். இன்ஸ்டாகிராமே 13 வயதுக்கு மேல்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை அங்கே இருந்தால் அது வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

இனி, கருவிகள். பயிற்சிக்குப் போனால் ஒரே நாளில் இருபது செயலிகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் சொல்வது, ஒரு பருவத்துக்கு ஒன்று. உங்களுக்கு முதலாவதாக பெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன் தளத்தைச் சொல்வேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துவது, முழுக்க இலவசம். மின்கலம், கம்பி, பல்பு, சாவி எல்லாவற்றையும் திரையில் இழுத்து இணைத்துச் சுற்று அமைக்கலாம். சுற்றில் ஓர் இடத்தில் கம்பியை எடுத்தால் பல்பு அணையும், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதும் தெரியும். உண்மையான பல்பில் அதைக் காட்டவே முடியாது. இதன் பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் வடிவம் உண்டு. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். உங்கள் பள்ளியின் ஹைடெக் லேபில் நெட் இழுக்கிற வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். முதலில் உண்மையான மின்கலத்தையும் பல்பையும் கையில் கொடுங்கள், அப்புறம் திரைக்குப் போங்கள். வரிசை மாறினால் அது பிள்ளைகளுக்கு இன்னொரு விளையாட்டாகத்தான் தெரியும்.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடுகள், கல்வித் தொலைக்காட்சியின் காணொலிகள், 2023இல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலி, இவை ஏற்கெனவே உங்கள் கைக்குள் இருக்கின்றன. முழுவதையும் வகுப்பில் ஓடவிடாதீர்கள். தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் காட்டி, நிறுத்தி, கேள்வி கேளுங்கள்.

தட்டச்சு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் வயதுக்கார ஆசிரியர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. பழைய வினாத்தாள்கள் வானவில் மாதிரியான எழுத்துருவில் இருக்கும். வாட்ஸ்அப்பிலோ கூகுள் படிவத்திலோ ஒட்டினால் புரியாத குறிகளாக மாறிவிடும். அவற்றை எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒருமுறை உட்கார்ந்து மாற்றி வைத்துவிடுங்கள். புதிதாக எழுத, போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினாலே எழுதிவிடும். ஒற்றுப்பிழையை மட்டும் நீங்கள் பார்த்துத் திருத்த வேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் வினாக்கள் கேட்டு வாங்கலாம், தவறில்லை. ஆனால் தமிழ்க் கலைச்சொற்களில் அது தடுமாறும், சில நேரம் அறிவியலையே தவறாகச் சொல்லும். ஒவ்வொரு வரியையும் பாடநூலோடு ஒப்பிடாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ அதனிடம் கொடுக்கவே வேண்டாம்.

இப்போது சேனல். முதல் வீடியோவுக்கு ஒரு சோதனையை நானே சொல்கிறேன்: எட்டாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, மை உறிஞ்சும் தாளில் தடவிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பாக மாறும். அதன் மேலேயே எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். பக்கத்தில் செம்பருத்திப் பூச்சாறு இரண்டு டம்ளரில். எலுமிச்சைச் சாறு விட்டது அடர் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் விட்டது பச்சையாகும். இதில் காட்ட வேண்டியதெல்லாம் மேசை, உங்கள் கைகள், நிறம் மாறும் அந்தக் கணம். உங்கள் முகம்கூடத் தேவையில்லை, நீங்கள் விரும்பினால் தவிர. பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் வேண்டும் என்றால் நீங்களே அதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "ஏன் டீச்சர், புளித்தண்ணி விட்டா என்ன ஆகும் என்று ஒரு மாணவர் கேட்டார்" என்று.

காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, போனைப் படுக்கைவாக்கில் வைத்து எடுங்கள். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், குரல் தெளிவாக இல்லை என்றால் பத்து நொடியில் போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள், உரிமை கோரி அறிவிப்பு வரும். தலைப்பை ஒரு பிள்ளை தேடுகிற மாதிரி வையுங்கள்: "எட்டாம் வகுப்பு அறிவியல், மஞ்சள் நிறங்காட்டி சோதனை". தொடக்கத்தில் அன்லிஸ்டடாக ஏற்றுங்கள். இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். தெரிந்த இரண்டு அறிவியல் ஆசிரியர்களிடம் காட்டித் திருத்திய பிறகு பொதுவில் விடலாம்.

யூடியூப் ஒவ்வொரு வீடியோவுக்கும், இது குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா என்று கேட்கும். 2020 ஜனவரியிலிருந்து இருக்கும் விதி. ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 13 வயதுக்குக் கீழே என்பதால் அவர்களுக்கென்று எடுத்ததற்கு ஆம் என்று குறியுங்கள். அப்போது கருத்துப் பகுதி மூடப்படும். உங்களுக்கு அது நல்லதுதான், கண்டதைப் படித்து மனம் வாட வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கென்று தனியாக எடுக்கும் வீடியோவுக்கு இல்லை என்று குறித்து, கருத்துப் பகுதியைத் திறந்து வைக்கலாம். மற்ற ஆசிரியர்களின் கேள்விகளிலிருந்து நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

நெருப்பு, அடர் அமிலம், மின்சார இணைப்பு இவற்றோடு தொடர்புடைய எதையும் பொதுவில் போடாதீர்கள். வகுப்பில் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். வீடியோவைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளையின் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பார்வை எண்ணிக்கை கூடும் என்று யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வகுப்பில் கற்பிக்கும்போது பிறர் படைப்புகளைப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர்களுக்கு இடம் தருகிறது. அதை நம்பி நோட்ஸ் புத்தகத்தின் பக்கங்களை உலகத்துக்கே தெரியும்படி ஏற்ற முடியாது. படம் வேண்டும் என்றால் நீங்களே சாக்பீஸால் வரையுங்கள். இன்னொரு ஆசிரியர் தயாரித்த வினாத்தாளைப் பகிர்ந்தால் அவர் பெயர் அதிலேயே இருக்கட்டும். டெலிகிராம் குழுக்களில் பெயரை வெட்டிவிட்டுச் சுற்ற விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம்.

அனுமதி விஷயம். நீங்கள் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973க்கு உட்பட்டவர். சேனல் தொடங்கும் முன், நோக்கம் என்ன, என்ன மாதிரி வீடியோக்கள், வருமானம் எதிர்பார்க்கவில்லை என்று எழுதி, தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் வாயால் சொன்னது ஆதாரம் ஆகாது, அவர் அடுத்த ஆண்டு மாறுதலாகிப் போகலாம். விளம்பர வருமானத்தை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம். அரசுப் பணியில் இருந்துகொண்டு வேறு வழியில் சம்பாதிக்க முன் அனுமதி வேண்டும். நோட்ஸ் பதிப்பகங்களும் கட்டணச் செயலிகளும் "எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேடம்" என்று வருவார்கள், மறுத்துவிடுங்கள். துறை உத்தரவுகள் மேல் உள்ள கோபத்தையும் பேஸ்புக்கில் எழுத வேண்டாம். அதற்குச் சங்கம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது.

"நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மழை நாளில் ஒரு படம் வரும். ந.க. எண், தேதி, கையொப்பம் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்க்காமல் பெற்றோருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பினால் வதந்தி என்பார்கள், டீச்சர் அனுப்பினால் நம்பிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அதே போல, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

இந்த வாரம் பதிவை எடுக்கச் சொல்லுங்கள், சிம் வாங்குங்கள். பெற்றோர் கூட்டம் முடிந்ததும் பிராட்காஸ்ட் பட்டியல். வீடியோவை அரையாண்டு விடுமுறையில் நிதானமாக எடுக்கலாம், அதற்குள் அனுமதிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்லிஸ்டட் இணைப்பை எனக்கும் அனுப்பி வையுங்கள். செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவாகப் பார்த்துப் பறியுங்கள், அதில் நிறம் நன்றாக இறங்கும்.